பதவி போனபின் வரும் சித்தி

எங்கள் சித்தி ஆராய்வது கட்சிகளையும் அமைச்சர்களையும். ஆய்வுக்கூடம், குடுவை எல்லாம் கிடையாது. நாற்றம் மட்டும் உண்டு.

பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே விதி: பதவியில் இருப்பவரைப் பேட்டி எடுக்கமாட்டாள். "நாற்காலி இருக்கிற வரைக்கும் பொய்தான்டா வரும். அது போகட்டும், கேக்காமலே கொட்டுவான்." பதவி போனவர் வீட்டில், கூட்டம் வற்றிய கூடத்தில், காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்துவருவாள். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எங்களிடம் பேசுவாள்.

அமைச்சர்கள் எப்போது, எப்படிக் கட்சி தாவுகிறார்கள் என்று அவள் ஒரு புத்தகம் எழுதினாள். படிப்பவர்கள் காறித் துப்புவார்கள் என்று நம்பினாள், பாவம்.

ஒருநாள் உயர்கல்வி அமைச்சரே வீட்டுக்கு வந்தார். மூன்று கட்சி வேலி தாண்டியவர். எங்கள் வீட்டில் அவர் பெயர் வெள்ளாடு. பையிலிருந்து சித்தியின் புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு.

"இதைப் படிச்சுத்தாம்மா போன தடவை தாவினேன். பிசகவே இல்ல! அடுத்து எப்போன்னு நீங்களே சொல்லிட்டா, துணைவேந்தர் பதவி உங்களுக்குத்தான்."

சித்தியின் கண் குழாயடிப் பக்கம் போனது. ஆனால் அந்தப் பதவி அவள் வெகுநாள் ஆசைப்பட்டது. தேர்வுப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவளிடம் கிசுகிசுத்தேன்: "தப்பான நேரத்தைச் சொல்லு சித்தி. குழியில விழட்டும்."

காதைத் திருகினாள். "பொய் சொல்றது அந்தாள் வேலைடா."

வெளியே போய், "பதவியில இருக்கிறவங்ககிட்ட நான் பேசறதில்லீங்க. போனதும் நானே வரேன்" என்றாள்.

வெள்ளாடு சிரித்துக்கொண்டே எழுந்தது.

வெள்ளாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுத்த, சித்தியின் பக்கத்து அறைப் பேராசிரியர் துணைவேந்தரானார். வெள்ளாடும் தாவியது; போய்ச் சேர்ந்த கட்சி தேர்தலில் மண்ணைக் கவ்வியது, பதவி போனது.

"போய் ஆசைதீரக் கேட்டுட்டு வா" என்றார் சித்தப்பா. போனாள். திரும்பி வந்து கை கழுவினாள்.

"அழுதானா?" என்றேன்.

"அழுதான். எங்க பிசகிச்சுன்னு அடுத்த புத்தகத்துல நான் எழுதணுமாம். திருத்திக்கிட்டுத் தாவுவானாம்."

துடைத்த கையைப் பார்த்தாள். மறுபடி குழாயடிக்குப் போனாள். பழைய சோப்பு கரைந்துபோயிருந்தது. யாரும் கேட்காமலே புதுசு ஒன்றைப் பிரித்து வைத்தேன்.