டியர் எட்மண்ட் சார்

ஞானகுமாரியின் கைப்பையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஒன்று அவளுடையது. இன்னொன்று செத்துப்போன புருஷன் எட்மண்டுடையது. அதன் சிம் கார்டு காலாவதியாகி வெகுநாளாயிற்று. யாரும் அதைக் கூப்பிட முடியாது, அதிலிருந்து யாரையும் கூப்பிடவும் முடியாது. ஆனாலும் தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு, முந்தானையால் துடைத்து, டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்து எடுத்துப் போவாள். கல்யாணமாகிப் பாரிவாக்கத்தில் இருக்கும் மகள் ஜெபிஷா, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு என்று கெஞ்சிப் பார்த்தாள். ஞானகுமாரி சரி சரி என்றாள். பெற்ற மகளிடம் சரி சரி என்று சொல்லிவிட்டு இஷ்டப்படி நடப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷரும் ஆயில் சீலும் செய்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியில் எட்மண்ட் டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பெட்டி எந்த லாரியில் எந்த ஊருக்குப் போகிறது என்பது அவர் பொறுப்பு. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. முதலாளி ஈரமுள்ள மனிதர். காரியமெல்லாம் முடிந்ததும் ஞானகுமாரியைக் கூப்பிட்டு, டைப்ரைட்டிங் தெரியும்தானே, வந்து உட்கார் என்று அதே வேலையைக் கொடுத்தார். அதே மேஜை, அதே நாற்காலி. நாற்காலியின் இடது கை ஆடும். அவர் காலத்திலிருந்தே ஆடுகிறது. அதைச் சரிசெய்ய வந்த தச்சரை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

முத்தாபுதுப்பேட்டை வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆவடியிலிருந்து ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடை. முதல் நாள் ஆபீசுக்குள் நுழைந்து கைப்பையை மேஜைமேல் வைத்ததும் உள்ளேயிருந்து டிங் என்று ஒரு சத்தம். எட்மண்டின் போன். சிம் இல்லாவிட்டால் என்ன, அது ஆபீஸ் வைஃபையைத் தானாகவே பிடித்துக்கொண்டது. மெயில் வந்திருந்தது. 'டியர் எட்மண்ட் சார்' என்று ஆரம்பித்து, இத்தனை வாஷர் வேண்டும், போன தடவை மாதிரி தாமதம் வேண்டாம் என்று யாரோ ஒரு பட்டறைக்காரர் எழுதியிருந்தார்.

பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் எட்மண்ட் போன விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. வருஷத்துக்கு நாலு பெட்டி வாங்குகிற பட்டறைகளுக்கு யார் உட்கார்ந்து சொல்வது? அவர்கள் பாட்டுக்குப் பழைய முகவரிக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மெயிலின் பிரதி ஒன்று சேல்ஸில் இருக்கும் சுரேகாவுக்கும் போகும். அவள் பதில் போட்டுவிடுவாள், சரக்கும் போய்ச்சேரும். ஞானகுமாரி எதையும் தொடமாட்டாள். டிங் என்றதும் எடுத்து முதல் வரியை மட்டும் படிப்பாள். டியர் எட்மண்ட் சார். அவளுக்கு அது போதும்.

வீட்டில் அவர் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் 'அவரு', 'உங்க ஊட்டுக்காரரு' என்று ஒதுங்கிப் பேசுகிறார்கள். சபையில் ஜெபிக்கும்போது 'உமது பிள்ளையை எடுத்துக்கொண்டீரே' என்கிறார்கள். பெயரைச் சொல்லி, சார் போட்டு, ஒரு வேலையை ஒப்படைத்து, சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் என்று கேட்பவர்கள் அந்தப் பட்டறைக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கு எட்மண்ட் அம்பத்தூரில் உயிரோடு, கொஞ்சம் தாமதமாக வேலை செய்துகொண்டு இருக்கிறார். அந்த ஒரு எட்மண்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவரவர் வீட்டில் நடக்கும்போது தெரியும்.

முதலாளியின் மகன் கோகுல்நாத் நிர்வாகத்துக்கு வந்ததும், ஆளில்லாத மெயிலுக்குக் கதவு திறந்து வைக்கக்கூடாது என்று யாரோ அவனுக்கு ஓதினார்கள். நியாயமான பேச்சுதான். எட்மண்ட் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினான், வருகிற மெயில் சுரேகாவுக்கு மட்டும் போகும்படி வைத்தான். ஞானகுமாரியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்? பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

போனில் டிங் நின்றது. திரையில் பாஸ்வேர்டு தப்பு, மறுபடி போடு என்று வந்தது. அவருடைய பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். மகள் பெயரும் பிறந்த வருஷமும். போட்டாள். தப்பு என்றது. விரல் பட்டுத் தவறியிருக்கும் என்று நிதானமாகப் போட்டாள். தப்பு. போன் பழசாகிவிட்டது, அதுதான் மக்கர் பண்ணுகிறது என்று முடிவு கட்டினாள். மேஜைக்கு அடியில் வைத்து, டீ நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் என்று, ஜெபிஷா ஜெபிஷா என்று அடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம்தான் ஆபீசுக்கே ஏழரை பிடித்தது. திடீரென்று ஒருவருக்கும் மெயில் போகவில்லை, வரவில்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றே வந்தது. ஆர்டர் மெயில் வராமல் சுரேகா கையைப் பிசைந்தாள். டெஸ்பாட்ச் விவரம் அனுப்ப முடியாமல் ஞானகுமாரியும்தான் தவித்தாள். கள்ளிக்குப்பத்தில் இருக்கும் அசோக்குக்கு முதலில் போன் போட்டதே அவள்தான்.

எஸ்டேட்டில் பத்துப் பதினைந்து கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்ப்பவன் அசோக். வந்தான். மோடத்தை அணைத்துப் போட்டான். ஒயரை மாற்றினான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மெயில் கணக்கை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். நெட் கொடுக்கிறவனோடு சண்டை பிடித்தான். இன்டர்நெட்டில் மற்றதெல்லாம் வருகிறது, மெயில் மட்டும் வரவில்லை. ஆபீஸ் நெட்டை விட்டுத் தன் செல்போன் நெட்டில் போட்டுப் பார்த்தால் மெயில் ஜம்மென்று வருகிறது. தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தானாகவே ஒரு மணி நேரம் வரும், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய்விடும். கோகுல்நாத் அவனை எல்லார் முன்னாலும் வைத்து வாங்கினான்.

கடைசியில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனிக்கே போன் போட்டுப் பேசிவிட்டு வந்தான் அசோக். முகத்தில் ஒரே வெளிச்சம். இந்த ஆபீசுக்குள்ளிருந்து யாரோ ஓயாமல் தப்புப் பாஸ்வேர்டு போடுகிறார்கள், திருடன் என்று நினைத்து சர்வர் மொத்த ஆபீசையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான் என்று விளக்கினான். பிறகு சுற்றிப் பார்த்து, வெள்ளந்தியாகக் கேட்டான்.

"யாருங்க இங்க எட்மண்ட்டு? அவுருதான் உள்ள வர்றதுக்குப் பூந்து பூந்து பாக்கறாரு."

புதிய ஆளான அவனுக்கு என்ன தெரியும்? ஸ்டோர் உத்தமன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். பெருக்குகிற எல்லம்மா, மத்தியான வேளையில்தான் நடக்கிறது என்பதைக் கவனித்தீர்களா, அவர் சாப்பிட உட்கார்கிற நேரம், வேலையை விட மனசு வரவில்லை அந்த மனுஷனுக்கு, ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால் அடங்கும் என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் ஞானகுமாரி அங்கேயே உட்கார்ந்திருப்பது நினைவு வந்தது.

ஞானகுமாரி ஆவியையும் பேயையும் நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. அப்படி நினைத்தால் போதகர் காதைத் திருகிவிடுவார். ஆனாலும் அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அவள் நினைத்ததை மறைப்பானேன்? வரத்தானே பார்க்கிறார், வந்தால்தான் என்ன, ஏன் கதவைச் சாத்துகிறார்கள் என்று நினைத்தாள். இந்து காலேஜ் ஸ்டேஷன் வந்த பிறகுதான் ஆவடியைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்தது.

மறுநாள் அசோக் வைஃபை பெட்டியில் எந்தெந்தச் சாதனம் தொற்றிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். சுரேகா போன், உத்தமன் போன், பிரிண்டர் என்று வாசித்தவன், எட்மண்ட் போன் என்று வாசித்துவிட்டு நிறுத்தினான். ஞானகுமாரிக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிற்று. வந்தது அவர் இல்லை. ஒருத்தரும் வரவில்லை. பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதாம்பா. நான்தான் போட்டுக்கினு இருந்தேன்."

ஒரு வாரமாகத் திட்டு வாங்கியவன் அசோக். கத்தியிருந்தாலும் யாரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் போனை எடுத்துப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நீங்க ஒண்ணும் தப்பா போடலக்கா. சரியாத்தான் போட்டுக்கீறீங்க. அவங்கதான் பூட்ட மாத்திட்டாங்க."

அப்போதும் அழாமல், புதுப் பாஸ்வேர்டைச் சொல்லேன், படிக்க மட்டும்தான் என்று கேட்டாள். அவன் கோகுல்நாத்தைப் பார்த்தான். கோகுல்நாத் கெட்டவன் இல்லை. முகம் சிறுத்துப்போய், கொடுக்க வழியில்லை ஆன்ட்டி, இதற்கு மேல் அந்தக் கணக்கையே வைத்திருக்கக்கூடாது என்றான். இனி அந்த முகவரிக்கு எழுதுகிறவர்களுக்குத் தானாக ஒரு பதில் போகும்படி வைத்துவிடலாம், என்ன எழுதுவது என்பதை நீங்களே அடித்துக் கொடுங்கள் என்றான். மரியாதை செய்வதாகத்தான் அவன் நினைத்தான்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கென்று ஒரு வாசகம் சுரேகாவிடம் தயாராக இருந்தது. ஞானகுமாரி அதைப் பார்த்து அடித்தாள். திரு. எட்மண்ட் இப்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை, இனித் தொடர்புக்கு ஞானகுமாரி, டெஸ்பாட்ச் என்று எழுதித் தன் நம்பரையும் போட்டாள். காலமானார் என்று எழுத விரல் வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குக் கீழே தன் பெயர் இருந்தது போலவே இதிலும் இருப்பதை அவள் பார்த்தாள்.

போனிலிருந்து கணக்கை எடுத்தால் அதிலிருக்கும் பழைய மெயிலெல்லாம் போய்விடும், பிரிண்ட் போட்டுத் தரட்டுமா அக்கா என்று அசோக் கேட்டான். வேண்டாம் என்றாள். வாஷர் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு வேண்டியது வந்த மெயில் இல்லை, இன்னும் வரும் என்கிற நினைப்பு. அசோக் ஒரு பொத்தானை அழுத்தினான். டியர் எட்மண்ட் சார்கள் அத்தனையும் போய், திரை காலியாயிற்று. சற்று நேரத்தில் ஆபீஸ் முழுக்க மெயில் கொட்ட ஆரம்பித்தது. சுரேகா கை தட்டினாள், உத்தமன் எல்லாருக்கும் சமோசா வாங்கிவரப் போனான். ஞானகுமாரிக்கும் ஒன்று வைத்தார்கள். தின்றாள்.

ஒரு வாரம் கழித்து அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஓசூரிலிருந்து நாகேந்திரன் என்று ஒரு பட்டறைக்காரர். எட்மண்ட் சார் கம்பெனியில் இல்லை என்று மெயில் வந்ததே, அவர் நம்பரும் உபயோகத்தில் இல்லை என்கிறதே என்றார். நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் ஒரு தடவை லாரி ஸ்டிரைக்கில் எட்மண்ட் சார் சரக்கைத் தன் பைக்கில் கட்டிக்கொண்டு போய் கோயம்பேட்டில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாராம். இன்னொருவன் செய்வானா என்றார். எதிர்முனையில் பேசுவது எட்மண்டின் பெண்டாட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"இப்ப எந்தக் கம்பெனிம்மா போயிருக்காரு?"

ஞானகுமாரி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லிவிட்டால் ஓசூரிலும் அவர் செத்துப்போவார். உலகத்தில் அவர் சாகாத இடம் அந்தப் பட்டறைகள்தான் மிச்சம்.

"ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சார். பெரிய கம்பெனி."

"ரொம்ப சந்தோஷம்மா. நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு சார்."

"எங்கயாவது பாத்தா ஓசூர் நாகேந்திரன் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன் சார்."

போனை வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். ஓசூர் ஆர்டரை அன்றே ஏற்றி அனுப்பினாள்.

அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு ஞானகுமாரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனதில்லை. ஜெபிஷா கூப்பிட்டபோதெல்லாம் கால்வலி என்றுவிடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனாள். புல் மண்டிக் கிடந்ததால் சிலுவையில் பெயரைத் தேடிப் பிடிக்க நேரமாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"ஓசூர் நாகேந்திரன் சாரு உங்கள விசாரிச்சாருங்க."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம்தான் அழுதாள்.