சாகாவரத்தை விட்டவள் கிறுக்கியாம்

இன்று தென்காசியில் என் கணவருக்கு டயாலிசிஸ் முடித்துவிட்டுக் குற்றாலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டுப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானக்கா ஆன்லைன்ல அந்த எல்ஃப் பொண்ணு கதை எழுதுதது?"

ஆமாம் என்றேன், சந்தோஷமாகத்தான். எல்ஃப் என்றால் மேல்நாட்டுக் கதைகளில் வரும் சாகாவரம் பெற்ற வனதேவதை இனம்.

"முடிவை மாத்துங்கக்கா. சாவே இல்லாதவ, சாகப்போற ஒருத்தன் கூட வாழ அந்த வரத்தையே விட்டுட்டு வருதா. கிறுக்கியா அவ? அவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துருவான்."

ஜன்னலோரம் இவர். ஊசி குத்திய கையில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. கல்யாணத்துக்கு முன் என் வீட்டிலும் இதைத்தான் சொன்னார்கள்.

"அவ தெரிஞ்சுதான் வந்தா. அவன் இல்லாம ஆயிரம் வருஷம் இருந்து அவளை என்ன செய்யச் சொல்லுதிய?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

இவர் மட்டும் அந்தப் பெண்ணை எட்டிப் பார்த்து, "நீ சொல்லுதது சரிதான் தங்கச்சி. நானும் அப்பவே இவகிட்ட இதைத்தான் சொன்னேன்" என்கிறார்!

வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. முடிவை மாற்றப்போவதுமில்லை. மாற்றச் சொல்கிறவர்கள் தாராளமாகக் கமெண்டுக்கு வாருங்கள், இன்று நல்ல கோபத்தில் இருக்கிறேன்.