யூனிட்டம்மா வைத்த ஆலோசகர்

சம்பந்தி வீட்டு மணியை அழுத்திவிட்டு எல்லோரும் கதவைப் பார்த்து நிற்கும்போது, யூனிட்டம்மா மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்துச் சுவரிலிருக்கும் மின்மீட்டரை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவு திறந்ததும் நலம் விசாரிக்கமாட்டார். "உள்ள யாரோ ஹீட்டரைப் போட்டுட்டு மறந்துட்டீங்க, போய்ப் பாருங்க" என்பார். பெரும்பாலும் யாரோ மறந்துதான் இருப்பார்கள். அவருடைய கணவர் அந்த நேரத்தில் எதிர்வீட்டு மாடியை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

நகர மின் அலுவலகத்தில், தரைத்தளத்தில், பணம் கட்டும் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் கட்டணப் பிரிவு. அதன் கண்காணிப்பாளர் அவர். எந்த வீட்டுக்கு எந்தக் கட்டணம், எந்தக் கடைக்கு எந்தக் கட்டணம் என்று சொல்லும் ஆணை அறுபத்துநான்கு பக்கம். அதை முழுதாகப் படித்தவர் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான். மேல்மாடியிலிருந்து போன் வந்தால் புத்தகத்தைத் தொடாமலேயே, "நாப்பத்தோராம் பக்கம், கீழேருந்து மூணாவது வரி. படிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவார். வாசலில் தொங்கும் பலகையில் அவருக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை.

அவருக்குக் கோபம் வராது. சலிப்புதான் வரும். பேனாவை மூடிவைத்து, இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து, எதிரில் இருப்பவரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். "எழுதியாச்சு. அஞ்சு தடவ எழுதியாச்சு. இனிமே சுவத்துலதான் எழுதணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவர் சொன்னது மிகையில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி நிர்வாகக் குழுவுக்கு ஐந்து குறிப்புகள் எழுதியிருக்கிறார். ஐந்தும் 'கோப்பில் வைக்கவும்' என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தன.

விஷயம் இதுதான். மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே உச்சக் கட்டணம். நாலு அறையிலும் ஏ.சி. ஓட்டுகிறவர்களை நினைத்துப் போட்ட விதி. அதில் வந்து மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி, துணிக்கடையில் வேலை செய்யும் பெண். அவளுடைய அப்பா நுரையீரல் கெட்டு, வீட்டில் ஆக்சிஜன் எந்திரத்தை வைத்துக்கொண்டு மூச்சு விடுகிறவர். எந்திரம் ஓடினால் எல்லை தாண்டும்.

"அப்பா மூச்சு விடறதுக்கு ஏ.சி. ரேட்டா மேடம்" என்று அவள் முதல் தடவை கேட்டபோது, "விதி அப்படித்தாம்மா இருக்கு" என்று யூனிட்டம்மா சொன்னார். அதற்குப் பின் வந்தபோதெல்லாம் அதையேதான் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவருக்கே கசந்துபோயிருந்தது. ஒரு நாள் அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, போகும்போது சாதாரணமாகச் சொன்னாள். "நான் வேலைக்குப் போனதும் மத்தியானம் ஒரு மணி நேரம் அப்பாவே மிஷினை அணைச்சுடறாரு மேடம். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். கேட்டா, சும்மா பழகிப் பாத்தேங்கறாரு."

அன்றைக்கு யூனிட்டம்மாவின் சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிற்று.

ஆறாவது குறிப்பை எழுத உட்கார்ந்தவர், பாதியில் நிறுத்தினார். உள்ளேயிருப்பவள் சொன்னால் அது முணுமுணுப்பு, வெளியிலிருந்து ஒருவர் வந்து சொன்னால் அது அறிக்கை. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் கற்றுக்கொண்டது அது. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார். நம் மின் கட்டணங்களை ஆராய வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை நியமிக்கலாம். குழு அதை ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. ஐந்து குறிப்புக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் தராதவர்கள், இதை முக்கால் மணி நேரம் பாராட்டிப் பேசினார்கள்.

பிறகு தொடங்கியது அவஸ்தை. முதல் டெண்டருக்கு யாரும் வரவில்லை. விளம்பரத்தில் தேதியை அச்சகம் மாற்றிப் போட்டிருந்தது. இரண்டாவதற்கு ஒருவர் வந்தார். மூன்று பேராவது வந்தால்தான் ஒருவரை எடுக்கலாம் என்று விதி. மூன்றாவதற்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் நீச்சல் குளம் கட்டுகிறவர், ஏன் வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஆலோசகர் என்னென்ன செய்யவேண்டும் என்ற பட்டியலைக் குழு ஏழு முறை திருத்தியது. ஏழாவது திருத்தத்தில் பட்டியல் முதல் வரைவுக்கே வந்து சேர்ந்தது. நடுவில் குழுத் தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இந்த ஆலோசகரை எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னு சொல்றதுக்கு, யாராவது ஆலோசகர் கிடைப்பாங்களா" என்று கேட்டார். யூனிட்டம்மா பேனாவை மூடிவைத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் நல்லவேளையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினொரு மாதம் கழித்து ஆலோசகர் வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வந்த அன்றே யூனிட்டம்மாவின் அறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, "மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்பார். சந்தேகம் ஒருபோதும் சின்னதாக இருந்ததில்லை. பழைய கணக்கெல்லாம் யூனிட்டம்மாதான் எடுத்துக் கொடுத்தார். அட்டவணைகளும் அவர் போட்டவைதான். வீட்டில் கணவரிடம் புலம்பினார். "நான் சொல்றேன், அவரு எழுதிக்கறாரு. எழுதினத எங்கிட்டயே காட்டி, சரியா இருக்கான்னு கேக்கறாரு. இதுக்கு நான் ஒரு கோட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு எனக்கே வேலைக்கு மனு போட்டிருக்கலாம்."

"நீதானே ஆள் வேணும்னு கேட்ட" என்றார் கணவர்.

"ஆமா, நான்தான் கேட்டேன். அதான் எரியுது."

ஆனாலும் அந்த மனிதர் மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. ஆக்சிஜன் எந்திரத்தைப் பற்றிச் சொன்ன அன்று, ஆலோசகர் சந்தேகம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள், "இந்த ஆணை முதல்ல எப்படி வந்துச்சுன்னு பாக்கணும் மேடம். பழைய வரைவு இருக்குமா" என்றார்.

யூனிட்டம்மா ஆவண அறைக்குப் போனார். பதினான்கு வருடத்துத் தூசி. தும்மிக்கொண்டே கட்டுகளைப் பிரித்தார். வரைவு கிடைத்தது. இருபத்தாறாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. 'உயிர் காக்கும் மருத்துவக் கருவி உள்ள வீடுகளுக்கு இந்த எல்லை பொருந்தாது.' அதன் குறுக்கே நீல மையில் ஒரு கோடு. ஓரத்தில், 'நடைமுறைச் சிக்கல். இப்படிப்பட்ட வீடுகள் மிகச் சில. தேவையில்லை.' கீழே சுருக்கொப்பம்.

அந்தக் கையெழுத்தை அடையாளம் காண அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. அப்போது அவர் உதவியாளர். வரைவைச் சுருக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். சுருக்கித் தந்த சுறுசுறுப்புக்காகப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. பத்தி மட்டும் நினைவிலேயே இல்லை. ஐந்து குறிப்பையும் எழுதும்போது, எந்தப் புண்ணியவான் இதை யோசிக்காமல் விட்டானோ என்று அவர் மனதுக்குள் திட்டித் தீர்த்தாரே, அந்தப் புண்ணியவான் அவரேதான்.

கட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆவண அறையின் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தை உருவிவிட்டால் கேட்க ஆளில்லை. அது இல்லாமலே ஆலோசகரின் பரிந்துரை நிற்கும். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேராக நகல் எந்திரத்துக்குப் போனார்.

"இந்தாங்க. இருபத்தாறாம் பக்கம் பாருங்க."

ஆலோசகர் பார்த்தார். சுருக்கொப்பத்தையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "இது வேணாம்னா நான் சேக்கல மேடம்."

"உங்களை எதுக்கு வச்சோம்? சேத்துக்குங்க."

குழுக் கூட்டத்தில் ஆலோசகர் தன் அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், மருத்துவக் கருவி உள்ள வீடுகளுக்கான விலக்குக்கு வந்தபோது, தலைவர் மேஜையைத் தட்டினார். "அருமையான யோசனை. இத்தனை வருஷமா நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இது தோணலையே."

யூனிட்டம்மாவின் கைப்பையில் அந்த ஐந்து குறிப்புகளும் இருந்தன. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே எடுத்து வந்திருந்தார். பையின் ஜிப்பைப் பாதி திறந்தும்விட்டார். அதற்குள் இன்னோர் உறுப்பினர், "முதல் வரைவுலயே இது இருந்திருக்குன்னு போட்டிருக்கீங்களே, யார் எடுத்தது" என்று கேட்டார்.

"அப்போதைய அலுவலக முடிவுங்க" என்றார் ஆலோசகர், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"இல்லீங்க. நான்தான் அடிச்சேன்" என்றார் யூனிட்டம்மா. "என் கையெழுத்துதான் அது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, அது பழைய கதை. மினிட்ஸ்ல அதெல்லாம் வேணாம்."

"மினிட்ஸ் எழுதறதும் நான்தான் சார். எழுதிட்டேன்."

கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டார்.

விலக்கு நிறைவேறிற்று. அடுத்த வாரமே, பதினான்கு வருடத்துக்கு முந்தைய கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் அவருக்கு வந்தது. அதை டைப் செய்தவர் அதே அறையில் இரண்டு மேஜை தள்ளி இருப்பவர்தான். கொண்டுவந்து கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தபாலில் போட்டிருந்தார். 'அன்று தவறாக நினைத்தேன்' என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பினார் யூனிட்டம்மா.

துணிக்கடைப் பெண் வந்தாள். டாக்டர் சான்றிதழோடு விண்ணப்பத்தை நீட்டி, "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றாள்.

அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். யூனிட்டம்மாவுக்கு அது முடியவில்லை. "இரும்மா. இந்த விலக்கு முதல்லயே இருந்துச்சு. வேணாம்னு அடிச்சவ நான்தான். அப்ப எனக்கு உங்க அப்பாவத் தெரியாது. யாரையுமே தெரியாது."

அந்தப் பெண் கவுண்டர் கம்பிக்கு வெளியே அப்படியே நின்றாள். விண்ணப்பத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பி வைத்தாள். விடைபெறாமல் போய்விட்டாள்.

விண்ணப்பங்களைத் தட்டில் போட்டால் மறுநாள் மேலே போகும், பொறியாளர் மேஜையில் கையெழுத்துக்காக ஒரு வாரம் ஊறும், பிறகு இறங்கி வரும். யூனிட்டம்மா அதைத் தட்டில் போடவில்லை. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மூட்டுவலிக் காலோடு, ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று, மூன்று மாடி ஏறினார். பொறியாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க உள்ளே வந்தவரைப் பார்த்து, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார்.

யூனிட்டம்மா உட்காரவில்லை. விண்ணப்பத்தை அவர் முன்னால் விரித்து, பேனாவின் மூடியைத் திறந்து அதன்மேல் வைத்துவிட்டு, அவர் போனை வைக்கும்வரை நின்றுகொண்டேயிருந்தார்.