அண்ணனுக்குக் கட்டிய கிட்டார்

நான் மோட்டார் காயில் கட்டுகிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எங்கள் கடை. என் வீட்டுக்காரர் மம்சாபுரம், கான்சாபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். கருகின கம்பியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது என் வேலை. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் கற்றுக்கொண்டது. ஃபேன் காயில் என்றால் இப்போது பேசிக்கொண்டே சுற்றிவிடுவேன்.

என் அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். முப்பது வருஷம் நூல் முறுக்குகிற மெஷின்களுக்கு நடுவிலேயே நின்றவர். அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வெளியில் வந்தும் சத்தமாகத்தான் பேசுவார்கள். அதனால் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. நான் அவரிடம் பேசும்போது ஒவ்வொரு வருஷமும் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறேன். ஏன் உயர்த்துகிறேன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

அண்ணன் கிட்டார் வாசிப்பார். ராஜபாளையத்தில் எங்கள் சபைக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்தான் கிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ராஜபாளையம் போயிருந்தேன். இரண்டாவது பாட்டு முடிந்தது. கீபோர்டு நின்றது, டிரம் நின்றது. போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அண்ணன் மட்டும் கண்ணை மூடியபடி வாசித்துக்கொண்டே இருந்தார். அவர் கணக்கில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய் அவர் கையைத் தொட்டாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். கிட்டாரைச் சத்தமில்லாமல் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அவரும் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் வாசிக்கப் போகவில்லை. கிட்டார் பீரோ மேல் ஏறியது. ஒரு சித்திரை வெயிலில் தந்திகளை இழுத்துப் பிடித்திருக்கிற அதன் பிரிட்ஜ் பிடுங்கிக்கொண்டு தந்தியெல்லாம் தொங்கிவிட்டது. அதையும் அவர் சரி பண்ணவில்லை.

காது மெஷின் வாங்கினோம். எதிரில் உட்கார்ந்து பேசினால் பேச்சு புரியும். பாட்டு மட்டும் ஆகாது. "தகர டப்பாவுக்குள்ள கல்லப் போட்டு ஆட்டுன மாதிரி இருக்கு" என்பார்.

மில்லிலிருந்து ஓய்வு வாங்கியபிறகு வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்துவிடுவார். பேரிங் மாற்றுவது, ஷாஃப்ட் நேர் பார்ப்பது எல்லாம் அவர் கையில் சுத்தமாக வரும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் செய்த எலக்ட்ரிக் கிட்டார்.

"ஏட்டி, இதுல ஆம்ப்ளிஃபயர் பெட்டி தனியா இல்ல பாரு. வயித்துக்குள்ளயே ஸ்பீக்கரையும் வச்சு மூடிட்டான்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து கிட்டார் பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

"செய்வோமாண்ணே?" என்றேன்.

"எனக்கு என்னத்துக்கு?"

"காயில்தான. அத நான் சுத்தித் தாரேன்."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் அடுத்த தடவை வரும்போது பழைய கிட்டாரின் கழுத்தை மட்டும் அறுத்தெடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

உடம்புக்கு எங்கள் வீட்டுப் பழைய வேப்பங்கட்டிலின் தலைமாட்டுப் பலகை. அதை இரண்டாக அறுத்து ஒன்றின் மேல் ஒன்று ஒட்டினார். வளைவு வரைவதற்கு இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்து வைத்துப் பென்சில் ஓட்டினார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து உளியால் உள்ளே குடைந்தார். ஸ்பீக்கருக்கு ஒரு குழி, ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. ஸ்பீக்கர் கெட்டுப்போன ஒரு டிவியிலிருந்து வந்தது. பேட்டரி, பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல். போர்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

என் பங்கு பிக்கப். தந்திக்கு அடியில் காந்தத்தோடு உட்கார்ந்து, தந்தியின் ஆட்டத்தைக் கரண்டாக மாற்றிக் கொடுக்கிற காயில் அது. நான் வாழ்நாளெல்லாம் சுற்றியது கரண்டைக் கொடுத்தால் சுழல்கிற காயில். இது அதற்கு நேர் எதிர். கம்பியோ தலைமுடியைவிட மெல்லிசு. என் சுற்றுமெஷினில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் மூவாயிரத்துச் சொச்சம் சுற்றில் பட்டென்று அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அறுந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மோட்டார்காரன் ரெண்டு பேர் வெளிய நிக்கான். நீ என்ன பூ கட்டிக்கிட்டிருக்க?" என்றார். மூன்றாவது தடவை மூச்சைக்கூட மெதுவாக விட்டுச் சுற்றினேன். எட்டாயிரம் சுற்று நின்றது. மீட்டரில் முள் அசைந்ததைப் பார்த்தபோது, முதன்முதலில் தனியாகக் கட்டிய மோட்டார் ஓடிய நாளில் வந்த சந்தோஷம் வந்தது.

மதுரையில் வாங்கிய இரும்புத் தந்தியைப் போட்டு, எல்லாவற்றையும் கோத்து, சுவிட்சைத் தட்டினோம். மில் சங்கு மாதிரி ஊளையிட்டது. அண்ணன் தந்தியைத் தொடக்கூட இல்லை. அவர் மடியில் இருந்தபடி அது தானாகவே கத்தியது. பக்கத்து டீக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் அவசரமாக அணைத்தேன். அண்ணன் கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு, "திரும்பப் போடு" என்றார். போட்டேன். அது திரும்பக் கத்தியது. அவர் முகத்தில் லேசான சிரிப்பு இருந்தது. அவருக்கு அந்தச் சத்தம் அவ்வளவாகத் தொந்தரவு பண்ணவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

காரணம் எனக்குப் புரிந்தது. ஸ்பீக்கரும் பிக்கப்பும் ஒரே கட்டையில் இருக்கின்றன. ஸ்பீக்கர் அதிர்ந்தால் கட்டை அதிரும். கட்டை அதிர்ந்தால் காயிலுக்குள் தளர்ந்திருக்கிற கம்பி அதிரும். அந்த அதிர்வு திரும்பவும் ஸ்பீக்கருக்கே போகும். தளர்ந்த கம்பிக்கு எங்கள் தொழிலில் வழி உண்டு. மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கி, பல்பு எரிகிற தகரப்பெட்டிக்குள் வைத்துக் காயவிடுவோம். கம்பியெல்லாம் ஒரே கட்டியாக இறுகிவிடும். பிக்கப்பையும் அப்படியே செய்தேன். ஊளை பாதியாகக் குறைந்தது.

பாதி எனக்குப் போதவில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தேன். திருகாணிக்கும் ரப்பர் வாஷர் போட்டேன். சுற்றியிருந்த குழியில் கழிவுப் பஞ்சைத் திணித்தேன். இப்போது வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் ஊளை இல்லை. சுத்தமான சத்தம். எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

அண்ணன் வந்து மடியில் வைத்து வாசித்தார். நாலு தட்டு தட்டினார். விரல் மறக்கவில்லை, எனக்குக் கேட்க நன்றாகவே இருந்தது.

"நல்லாருக்கு" என்று சொல்லி மேஜை மேல் வைத்துவிட்டு பேரிங்கைக் கழற்றப் போய்விட்டார்.

அதற்கடுத்த இரண்டு தடவை வந்தபோதும் கிட்டாரைத் தொடவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. ஒரு மாதம் பாடுபட்டது அவருக்காகத்தானே. மூன்றாவது தடவை அவர் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, பிடிக்கலையா?"

"நீ நல்லாத்தான் செஞ்சிருக்க."

"பொறவு ஏன் தொட மாட்டேங்கீங்க?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். காது கேட்காதவர்கள் சில நேரம் மிக மெதுவாகவும் பேசுவார்கள்.

"மொத நாளு ஊளையிட்டுச்சுல்லா. அப்ப இங்கன தெரிஞ்சுது." விலா எலும்பைத் தொட்டுக் காட்டினார். "எம்புட்டு நாளாச்சு. சத்தம் இங்க வந்துச்சு. இப்ப நீ அத அடக்கிட்ட. கட்டையத் தூக்கி மடியில வச்ச மாதிரி இருக்கு."

அந்தச் சிரிப்பு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எது பழுது என்று நினைத்து அவ்வளவு நாள் அடைத்துக்கொண்டிருந்தேனோ, அவருக்கு வேண்டியது அதுதான். ஒரு வார்த்தை அவரைக் கேட்டுவிட்டு ரப்பரைப் போட்டிருக்கலாம். என் காதுக்கு எது நல்லதோ அதையே செய்திருக்கிறேன்.

"கழத்துங்கண்ணே" என்று கிட்டாரைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்தோம். பஞ்சையெல்லாம் பிடுங்கினோம். ஸ்பீக்கரை ரப்பர் இல்லாமல் நேரே மரத்தில் இறுக்கினோம். எடுத்த ரப்பரைப் பிக்கப்புக்கு அடியில் கொடுத்தோம். அதிர வேண்டியது மரம், அதிரக் கூடாதது காயில். அண்ணன் தன் பங்குக்கு முதுகுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் மெலிதாகச் சீவினார், நெஞ்சில் படுகிற இடத்தில் மட்டும். சுவிட்சைப் போட்டு, வால்யூமைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பினோம். முக்கால்வாசி தாண்டியதும் முனக ஆரம்பித்தது. என் மகளின் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, அதற்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி வைத்தேன்.

"இதத் தாண்டாதீங்க. தாண்டுனா கத்தும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தடித்த தந்தியைத் தட்டினார். தட்டிவிட்டுக் கொஞ்சம் குனிந்து கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். திரும்பத் தட்டினார். பிறகு சுருதி சேர்க்கத் தொடங்கினார். அதை எப்படிச் செய்வார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தந்தி ஒத்துப்போகாதபோது சத்தம் அலை அலையாகத் துடிக்கும். சேரச் சேரத் துடிப்பு மெதுவாகி, ஒத்துப்போனதும் நின்றுவிடும். அந்தத் துடிப்பை அவர் எலும்பில் பிடித்தார். முறுக்காணியைத் திருகுவார், காத்திருப்பார், மறுபடி திருகுவார். முடித்துவிட்டு என்னிடம் கேட்டார். "சேந்திருக்கா?"

போனில் சுருதி காட்டுகிற ஆப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு தந்தி மட்டும் ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தது. மற்றதெல்லாம் சேர்ந்திருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் அவரை எழுப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

கோயிலில் வாசிக்க அவர் திரும்பப் போகவில்லை. அங்கே இப்போது வேறு ஆள் இருக்கிறார். அதுவுமில்லாமல், மற்றவர்கள் வாசிப்பது அவர் நெஞ்சுக்கு வராது. தன் கிட்டார் மட்டும்தான் தெரியும். ஆனால் போன தை மாதம் கான்சாபுரத்தில் மதினியின் சித்தி மகள் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். ஜெபத்துக்கு மதினி அவரைக் கிட்டாரோடு கிளப்பிவிட்டாள். நானும் போனேன். மத்தியான நேரம், வீட்டுக்குள் பதினைந்து பேர் இருப்போம். மைக் இல்லை, கீபோர்டு இல்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மதினி அவருக்கு நேர் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். அவள் வாயைப் பார்த்து அவர் வாசித்தார்.

எனக்குப் பாட்டில் மனசே போகவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை முழங்கை பட்டு வால்யூம் திரும்பி ஒரு ஊளை எழுந்தது. வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு பதிலுக்குக் கத்தியது. சிரித்தவர்களைப் பார்த்து அண்ணனும் சிரித்துக்கொண்டே குறைத்தார். இரண்டாவது பாட்டில் எல்லோரும் மெதுவாகப் போக, அவர் முன்னால் போய்விட்டார். மதினி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டியதும் பிடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு தட்டு கூடுதலாகப் போயிற்று. மதினியின் வாய் மூடியிருந்ததைப் பார்த்துக் கையைத் தந்தி மேல் வைத்து நிறுத்தினார். அந்தப் புது வீட்டுக்காரர் அதற்குப் பிறகுதான் ஜெபத்தைத் தொடங்கினார்.

திரும்பும்போது வத்திராயிருப்பில் ராஜபாளையம் பஸ் கிடைத்தது. பிளவக்கல் அணைப் பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது. நானும் மதினியும் ஒரு சீட்டில், அண்ணன் முன்சீட்டில் கிட்டாரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச தூரம் போனதும் திரும்பி மதினியிடம் சொன்னார்.

"ரெண்டாவது பாட்டுல நீ இழுத்துட்ட."

மதினி அவர் காதுக்கருகில் குனிந்தாள். "நான் இழுக்கல. அவிய எல்லாரும் அப்படித்தான் பாடுதாவ." பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"அப்ப மொதல்லயே சொல்லணும். நான் மெதுவா எடுத்திருப்பேன்ல்லா."

"சரி, அடுத்த தடவ சொல்லுதேன்."

"அடுத்த தடவைன்னா, அந்த மூணாவது பாட்டையும் ஒரு கட்டை கீழ எடுக்கணும். பொம்பளையளுக்கு எட்டல. உன் கழுத்து நரம்பு பொடச்சத நான் பாத்தேன்."

அதன் பிறகு எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மதினி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இறங்கினேன். பஸ் நகர்ந்தபோதும் அவர் பின்னால் திரும்பியபடி பேசிக்கொண்டுதான் இருந்தார். மதினி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாள்.