மச்சாள் மினுக்கிய பானை ஓடு

அந்தப் பானை ஓட்டை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. உள்ளங்கையளவுத் துண்டு, உட்பக்கம் மினுங்கிக்கொண்டிருந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த ஓடு அப்படி மினுங்கக் கூடாது. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில், தேம்ஸ் கரையோரம் தோண்டியெடுத்த பழம்பொருட்களைக் கழுவிப் பிரிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்தேன். என் கணவரின் தமக்கை, எங்கள் மச்சாள், அகதியாக வந்து லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்களோடு இருந்தார். கொழும்பில் விட்டுவந்த இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட அவருக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும். ஓடு கழுவ என்ன பெரிய படிப்பு என்று நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். ஒரு மாதம் பார்ப்போம் என்றார் பொறுப்பாளர். நாங்கள் டொக்டர் என்று கூப்பிடும் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதிகம் பேசமாட்டார். வேட்டையாடித் தின்ற மனிதர், காடும் ஆறும் மாறிப்போன பிறகு எதைத் தின்று பிழைத்தார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதற்குச் சாட்சி, பானைக்குள் அடிப்பிடித்த கரி. கரியுள்ள ஓட்டைக் கழுவக் கூடாது என்று மச்சாளுக்குச் சொல்ல மறந்த புண்ணியவதி நான்.

அடிப்பிடித்த பானையைக் கண்டால் யாழ்ப்பாணத்துப் பெண் சும்மா இருப்பாளா? உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சி, பெருமையோடு தட்டில் வைத்திருந்தார். டொக்டரின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் கரியின் அருமையை மச்சாளுக்குச் சொன்னேன்.

"ஐயோ, ஊத்தையெண்டெல்லோ நினைச்சன்! இனி என்னை வைச்சிருப்பினமே?" என்று மச்சாள் அழாக்குறையாகக் கேட்டார். பிறகு ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், ஒழுகிக் காய்ந்த கறுப்புக் கோடு ஒன்று.

"இந்தப் பக்கம் இன்னும் கழுவேல்லை. இஞ்சை பாரும், இது பால் பொங்கி வழிஞ்சது. கஞ்சியெண்டால் இப்பிடி மெல்லிசா ஓடாது. அடுப்படியில நிண்டவள் எங்கையோ பராக்குப் பாத்திருக்கிறாள்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். டொக்டர் அந்தக் கோட்டைச் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பினார். மச்சாள் விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். நானும் வைத்தேன், அவரிடம் சொல்லவில்லை.

முடிவு வந்தது. பாலேதான். முன்னிருந்தவர்கள் மானும் மீனும் தின்ற அதே ஆற்றங்கரையில், பின்னால் வந்தவர்கள் மாடு வளர்த்துப் பால் காய்ச்சியிருக்கிறார்கள்.

"பாவங்கள், கிடைச்சதைக் காய்ச்சித்தானே குடிக்கவேணும்" என்றார் மச்சாள். வந்த புதிதில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழுக்கு ஏங்கி அழுது, பிறகு ஓட்ஸில் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சப் பழகியவர் அவர். அவருக்கு அந்த மனிதர்களை விளங்கிக்கொள்ள ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

மாதம் முடிந்த அன்று டொக்டர் வந்து கையை நீட்டி மச்சாளின் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். போச்சு என்றே நினைத்தோம். டொக்டரோ அவரை யன்னலோர மேசைக்குக் கூட்டிப்போய் இருத்தி, ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். இனி மச்சாள் பார்த்துச் சொன்ன பிறகுதான் எந்த ஓட்டிலும் தண்ணீர் படும், வேலை நிரந்தரம் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். மச்சாள் கண்ணாடியை மெல்ல மேசையில் வைத்தார்.

"அப்ப பிள்ளையளைக் கூப்பிடலாம், என்ன?"