சாவியைப் பிடித்திருந்த கை

அந்தப் பெட்டிக்குள் பேசுவது நான்தான்.

மூடியைத் திறந்ததும், "பதற வேண்டாம். நான் சொல்வதைச் செய்யுங்கள்" என்று ஒரு பெண் குரல் வரும். சென்னையில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏசி குளிரில் உட்கார்ந்து பதினேழு முறை சொல்லிப் பதிந்தது. பதற வேண்டாம். பதற்றம் எப்படி இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி விழுந்தவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டி அது. தொழிலில் ஏ.இ.டி. என்போம். டாக்டருக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் நிற்கிற யாரும் எடுத்து, மார்பில் பேட் என்னும் இரண்டு ஒட்டுத்தகடுகளை ஒட்டி, பெட்டி சொல்கிறபடி செய்தால் போதும். எங்கள் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் உண்டு. திறந்த நொடியில் ஆம்புலன்ஸுக்குத் தகவல் போகும். திருநெல்வேலியில் டியூட்டியில் இருக்கும் டாக்டரின் திரையில் இதயத்தின் கோடு ஓடும். அவர் ஸ்பீக்கரில் நம்மோடு பேசலாம். பொத்தான் எங்கே, என்ன நிறம், எந்தச் சொல் முதலில் என்று தீர்மானிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் நல்ல டிசைன் எது என்று கேட்கிறார்கள். எனக்குப் பயத்தைப் பற்றித்தான் சொல்லத் தெரியும்.

1. வாத்திச்சி

சோதனைக்காக முதல் பெட்டிகளில் ஒன்றைச் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் வைப்பதென்று முடிவானது. நான் புளியங்குடிக்காரி. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க ஊர்ப் பக்கம்தானே மேடம். போய் மாட்டிட்டு, ஒரு டிரெய்னிங் குடுத்துட்டு வந்துருங்க. வாய்ஸ்தான் எல்லாத்தையும் சொல்லிடுதே."

இருபத்து நான்கு தறிகள் தகரக் கூரைக்கடியில் ஒரே நேரத்தில் அடிக்கும் இடம். அங்கே பேச்செல்லாம் பாதி கைச்சாடைதான். மேஸ்திரி சுப்பையா அண்ணாச்சி, இடுப்பில் சாவிக்கொத்து, தோளில் துண்டு. அவர் மனைவி பேச்சியம்மாள் அதே கூடத்தில் நூல் சுற்றுகிறார். டிரெய்னிங்குக்காகத் தறிகளை நிறுத்தினார்கள். பொம்மை மார்பில் பேட் ஒட்டி, பெட்டியைப் பேசவிட்டேன்.

"யாரும்மா இதுக்குள்ள பேசுதது? வாத்திச்சி மாதிரில்லா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"நான்தான் அண்ணாச்சி."

"நீங்களா? நேர்ல நல்லாத்தானே பேசுதிய. பெட்டிக்குள்ள போனதும் என்ன கேடு வந்துச்சு?"

பேச்சியம்மாள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவுகளுக்குப் பெட்டிக்குள்ள போனாத்தான் கேடு. ஒங்களுக்கு வெளியவே."

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் கோமதி என்ற தறிக்காரப் பெண் கேட்டாள், "அக்கா, வலிப்பு வந்தா இதை வைக்கலாமா?"

"இல்ல, வலிப்பு வேற. இது இதயத்துக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விளக்கப் படத்துக்குப் போனேன்.

அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த ஆகப் பெரிய பிழை அந்த ஒரு வரிதான்.

2. இரும்பு

மறுநாள் முற்பகல். தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் போதுமா என்று பார்க்க மறுபடி போயிருந்தேன். ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் இரண்டு தறிகளுக்கு நடுவே சுப்பையா அண்ணாச்சி விழுந்தார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. தறிகள் நின்றதுதான் கேட்டது. கோமதி மெயின் சுவிட்சை இறக்கியிருந்தாள். அத்தனை இரைச்சல் ஒரே நொடியில் போனதும் காது குழியாகிவிட்டதுபோல இருந்தது. அவர் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"வலிப்புலே. இரும்பு குடுங்க, இரும்பு" என்று யாரோ சொன்னார்கள்.

பேச்சியம்மாள் அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தையே உருவி, அவர் வலது உள்ளங்கையில் வைத்து மூடி, தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இழுப்பு நின்றது. ஒரு குறட்டை வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு குறட்டை.

"பாருங்க, அடங்கிட்டு. தூங்குதாரு" என்றார் ஒரு பெரியவர்.

எனக்குத் தெரியும். இதயம் நின்ற முதல் நொடிகளில் உடம்பு வலிப்புபோலவே இழுக்கும், குறட்டைபோல ஒலி வரும், அது மூச்சு அல்ல. எங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தை எழுதியதே நான்தான். எழுதியவள் ஸ்டூலின்மேல் நின்றுகொண்டு, தூங்குகிறார் என்பதை நம்ப ஆசைப்பட்டாள்.

கோமதி அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு வரலைக்கா. ஒங்க பெட்டியைக் குடுங்க."

பெட்டியை இறக்கினேன். மூடியின் தாழ்ப்பாள் நான் வரைந்தது. எந்தக் கையாலும் ஒரே இழுப்பில் திறக்கும் என்று கூட்டத்தில் பெருமையாகச் சொன்னது. என் விரல்கள் அதன் எதிர்ப்பக்கத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. கோமதி வாங்கித் திறந்தாள்.

"பதற வேண்டாம்" என்றது என் குரல்.

அது வேறு யாரோ. சாப்பிட்டுவிட்டுக் குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. சட்டையை விலக்கச் சொன்னாள், விலக்கினோம். படத்தில் உள்ளபடி ஒட்டச் சொன்னாள், ஒட்டினோம். "இதயத்தைப் பரிசோதிக்கிறேன். யாரும் நோயாளியைத் தொட வேண்டாம்" என்றாள். எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"அசைவு தெரிகிறது. யாரும் நோயாளியைத் தொட வேண்டாம்."

யாரும் தொடவில்லையே என்று சுற்றிப் பார்த்தேன்.

"அசைவு தெரிகிறது. யாரும் நோயாளியைத் தொட வேண்டாம்."

ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் குறுக்கே வந்தது. "கோடு ஆடுது மேடம். யாரோ அவரைப் பிடிச்சிருக்காங்க. விடச் சொல்லுங்க. நேரம் போகுது."

அப்போதுதான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அவர் கையைப் பொத்தியபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் அவர் கைவழியே ஏறி அண்ணாச்சியின் தோளை ஆட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கையை விடுங்க" என்றேன்.

"நான் எங்கம்மா தொடுதேன்? இரும்பையில்லா பிடிச்சிருக்கேன்."

"அதையும் விடணும்க்கா."

"விட்டா விரலு நிக்காது. சாவி கீழ விழுந்துரும்."

அவர் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஒரு நொடி வேலை. நான் இழுக்கவில்லை. இரும்பை எடுத்தபிறகு அண்ணாச்சி செத்துப்போனால், இந்தப் பெண்ணின் ஆயுசு முழுக்க அவரைக் கொன்றது நானாக இருப்பேன் என்று நினைத்தேன். தரையில் கிடந்தவரின் உயிரைவிட அந்தப் பழி எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோமதி எழுந்தாள். பக்கத்துத் தறியின் நூல் கண்டைப் பிடுங்கி வந்து, மூடியிருந்த அண்ணாச்சியின் விரல்களைச் சுற்றி, பேச்சியம்மாளின் கைகளுக்கு இடையிலேயே நூலை விட்டு, மூன்று, நான்கு, ஐந்து சுற்று. முடிச்சு. ஒரு நாளைக்கு எத்தனையோ இழை அறும், அத்தனைக்கும் போடுகிற அதே முடிச்சு. பல்லால் கடித்து அறுத்தாள்.

"அத்தே, சாவி அங்கனதான் இருக்கும். விழாது. நீங்க கையை மட்டும் எடுங்க."

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து அந்த முடிச்சைப் பார்த்தார். என் பேச்சை அவர் நம்பியிருக்க வழியில்லை. அந்த முடிச்சு நழுவாது என்பது அவருக்குத் தெரியும்.

கையை எடுத்தார்.

"அதிர்ச்சி தேவை. விலகி நில்லுங்கள். மின்னும் பொத்தானை அழுத்துங்கள்."

அழுத்தியது கோமதி. உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது. சாவி விழவில்லை. பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை நானும் அவளும் மாறி மாறி மார்பை அழுத்தினோம். என்னால் எண்ண முடியவில்லை. பெட்டிக்குள் இருந்தவள் எண்ணினாள்.

3. பட்டை

அண்ணாச்சி பிழைத்துவிட்டார். வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். அந்த நாளில் ஒன்றுமே அவருக்கு நினைவில்லை. "வாத்திச்சி நல்லாப் பேசுனாளா?" என்று மட்டும் கேட்டார். பேச்சியம்மாள் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார், "அவ பேசுனா. கோமதில்லா கேட்டா."

பெட்டியின் பதிவில் எல்லாம் இருந்தது. "தொட வேண்டாம்" என்று முதல்முறை சொன்னதிலிருந்து அந்த அசைவு நின்றதுவரை நாற்பத்தொரு விநாடி. அதைச் சென்னையில் திரையில் போட்டுக் காட்டினேன். இரண்டு மாற்றம் கேட்டேன். ஒன்று, மூடியின்மேல் பெரிய எழுத்தில்: "வலிப்புபோல இருந்தாலும், மூச்சு இல்லையென்றால் திறங்கள். தேவையா என்பதைப் பெட்டி சொல்லும்." கோமதிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். மற்றொன்று, பெட்டிக்குள் இருக்கும் கத்தரிக்கோல், கையுறைகளோடு ஒரு துணிப்பட்டை, ஒட்டிக்கொள்வதுபோல, கூடவே குரலில் ஒரு வரி: "கையில் இரும்பு இருந்தால் இருக்கட்டும். பட்டையைச் சுற்றிவிட்டு, பிடித்திருப்பவர் கையை எடுங்கள்."

"மூடநம்பிக்கைக்கெல்லாம் நாம டிசைன் பண்ண முடியுமா மேடம்?" என்றார் மேனேஜர். பட்டையை விரலில் சுற்றிப் பார்த்தார். "இது பேஷன்ட்டுக்கு என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது சார். பிடிச்சிருக்கவங்களுக்கு."

வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விழுந்தவருக்காக வரைந்தோம், காப்பாற்ற வருகிறவருக்காக வரைந்தோம். விழுந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். அவரையும் வரைந்துகொள்ளுங்கள்.

என் பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு காலையும் எல்லாப் பெட்டிகளும் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு என் போனுக்குச் செய்தி அனுப்பும். பச்சை, பச்சை, பச்சை. எங்காவது மூடி திறந்தால் வேறொரு ஒலி வரும். அந்த ஒலிக்காகவே குளிக்கும்போதும் போனைக் குளியலறை வாசல்படியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் வந்தது. கடையநல்லூரில் ஒரு கடையில் வைத்த, பட்டை சேர்த்த புதுப் பெட்டி. வீட்டுச் சமையலறையில் நின்றபடி போனில் வரிவரியாகப் பார்த்தேன். திறந்தது. பேட் ஒட்டியது. அசைவு தெரிகிறது. அடுப்பை அணைத்தேன். என் புதிய வரி அங்கே ஒலித்திருக்கும், யாரோ ஒருவர் கேட்டிருப்பார்.

ஆறு விநாடியில் அந்த அசைவு நின்றது.

யாருடைய கை என்று எனக்குத் தெரியாது. எடுத்துவிட்டார்.