இஞ்சின் எண் துடைக்கும் ஃபர்கலி

உரிமம் புதுப்பிக்கும் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தபோது, இனி வண்டி கிளம்பாது என்றே அப்துல் தவ்வாப் நினைத்தார். ஜூன் மாத வெயில். ஃபயூம் ஊரிலிருந்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓடி வந்த பெஜோ டாக்ஸி, சூடு ஆறாமல் சுவரோரம் நின்றது. அந்தச் சூட்டில் பம்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். வெறும் ஆவியை இழுத்து இஞ்சின் என்ன செய்யும்? சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டே சாவியைத் திருப்பினார். நான்கு சிலிண்டரும் ஒன்றாக விழித்துக்கொண்டன. இறைவன் கருணை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் காலையில் ஆயில் பார்க்க பானெட்டைத் தூக்கியபோதுதான், பெட்ரோல் பம்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பதைக் கண்டார். ஈரம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. பம்பின் சூடு தணிய யாரோ நனைத்துக் கட்டியிருக்கிறார்கள். எண் பார்ப்பதற்காக பானெட்டைத் திறந்து விட்டுப்போனது ஒரே ஓர் ஆளிடம்தான். ஆனால் அடுத்த முறை கேட்டபோது அந்த ஆள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்" என்றார்.

அந்த ஆள்தான் ஃபர்கலி.

பெனி சுயெஃப் நகரத்தில், வாகன அலுவலகத்தின் மதிலை ஒட்டி ஒரு வாகை மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு தகரப் பெட்டியோடு அவர் இருப்பார். பெட்டியில் மண்ணெண்ணெய் பாட்டில், கம்பி பிரஷ், சாக்பீஸ், பென்சில், மெல்லிய தாள். ஒவ்வொரு வண்டியின் இஞ்சின் பிளாக்கிலும் ஓர் எண் வெட்டியிருக்கும். உரிமச் சீட்டில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி இன்னொரு வருடம் ஓடலாம். ஆனால் எண் இருக்கும் இடமோ ஆயிலும் புழுதியும் சேர்ந்து தாராக இறுகிப்போன மூலை. ஃபர்கலி உடம்பைப் பாதி உள்ளே நுழைத்து, மண்ணெண்ணெயால் ஊறவைத்து, தேய்த்துத் துடைத்து, சாக்பீஸைத் தடவுவார். எழுத்துக்கள் வெள்ளையாக எழுந்து நிற்கும். பிறகு தாளை அழுத்திப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுப்பார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டால் உள்ளே இருக்கும் எஞ்சினீயர் வண்டிப் பக்கம் வருவதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

வலது கையில் இரண்டு விரல் இல்லை. போருக்கு முன்னால் சூயெஸில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஃபேன் பெல்ட் விரல்களை இழுத்துக்கொண்டு போனது. யாராவது கேட்டால், போர் வந்து ஊரைக் காலி பண்ணச் சொன்னப்ப அவசரத்தில் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பார். மரியாதைக்காக அவரை ஹாஜி என்று அழைத்தால் ஒவ்வொரு தடவையும் திருத்துவார்: "நான் இன்னும் மக்காவுக்குப் போகல. போன பிறகு கூப்பிடு." ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பெஜோ 504 என்றால் அவர் முகம் மலர்ந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று சி.சி. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினியத் தலை, கிராங்கைத் தாங்க ஐந்து பேரிங். தண்ணீரும் ஆயிலும் சரியாகப் பார்த்துக்கொண்டால் ஆறு லட்சம் கிலோமீட்டர் முணுமுணுக்காமல் ஓடும். "இது தானாச் சாகாது. சொந்தக்காரன்தான் கொல்லணும்" என்று வரிசையில் நிற்கும் டிரைவர்களை உஸ்தா, உஸ்தா என்று அழைத்துச் சொல்வார்.

அந்த இஞ்சினைத் தான் கொன்றுவிட்டதாகத்தான் தவ்வாபும் ஒருநாள் நினைத்தார்.

ஆயில் கேஜை உருவியபோது ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது. நெடுஞ்சாலையோரப் பட்டறைக்காரன் எட்டிப் பார்த்தான். பிளாக் வெடித்துவிட்டது, தூக்கிப்போடு என்றான். வண்டி நின்ற மூன்றாம் நாளே வீட்டில் மொச்சை அவிக்கும் பானை சிறியதாகிவிட்டது. மூன்று பெண்பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமனார். மைத்துனன் ஒருவன் கவிழ்ந்துபோன ஒரு பெஜோவிலிருந்து இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தான். அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. தவ்வாப் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. மாட்டினார்கள். ஓடியது. பழைய பிளாக் முற்றத்தின் மூலைக்குப் போனது. மனைவி நபவிய்யாவின் கோழிகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

உரிமம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது டீக்கடையில் ஒருவன் எண்ணுக்கு என்ன பண்ணப்போற என்று கேட்டான். தவ்வாப் சிரித்தார். எண் எங்கே போய்விடும், வீட்டு முற்றத்தில்தானே கிடக்கிறது? ஃபர்கலியைக் கூட்டிப்போய் பழைய பிளாக்கில் அச்சு எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது. அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எண் அவருடையது, வண்டி அவருடையது.

வாகை மரத்தடியில் இதைச் சொன்னபோது ஃபர்கலி பிரஷைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"எஞ்சினீயர் குனிஞ்சு பார்க்கறதே இல்லையே, ஹாஜி" என்றார் தவ்வாப்.

"ஆமா, குனியறதில்ல. ஏன் தெரியுமா உஸ்தா? நான் குனியறேன்."

தவ்வாபுக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்று பிள்ளைகள் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. காகிதம் இல்லாத இஞ்சினை உள்ளே சொன்னால் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். வண்டி நின்றால் அடுப்பும் நிற்கும். இதெல்லாம் ஃபர்கலிக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு எழுந்த தவ்வாபின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"பிளாக் வெடிச்சிருக்குன்னு யார் சொன்னா?"

"பட்டறைக்காரன்."

"கண்ணால பார்த்தானா, வாயால பார்த்தானா? வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வர்றேன். கோழிய இறக்கி வை."

வெள்ளிக்கிழமை, தொழுத ஆடையோடே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோழிகள் முட்டையிடும் இடத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று இருவரையும் நபவிய்யா ஏசிக்கொண்டே பிளாக்கைக் கழுவ வெந்நீர் வைத்தாள். பழைய கார்புரேட்டரையும் எடுத்து வந்தாள். அதில் உப்பு வைத்திருந்தாள். வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் ஃபர்கலி.

இந்த இஞ்சினில் சிலிண்டர்கள் பிளாக்கோடு ஒன்றாக வார்த்தவை அல்ல. தனித்தனிக் குழாய்கள். பிளாக்கில் இறக்கி உட்கார வைத்திருப்பார்கள், சுற்றிலும் தண்ணீர் ஓடும், அடியில் மெல்லிய வளையம் ஒன்று தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஃபர்கலி நான்கு குழாய்களையும் கட்டையால் இறுக்கி அழுத்திவைத்தார், ஓட்டைகளை மரத்துண்டால் அடைத்தார், மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினார். மூவரும் குந்தியிருந்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குழாயின் காலடியில் ஒரு சொட்டு திரண்டது. பிறகு இன்னொன்று. வேறெங்கும் இல்லை.

குழாயை உருவினார். அடி வளையம் பழைய செருப்புத்தோல் மாதிரி இற்றுப்போயிருந்தது.

"அப்போ வெடிக்கலையா?" என்று தவ்வாப் கேட்டார்.

இன்னும் ஒன்று பார்க்கணும் என்றார் ஃபர்கலி. பிளாக்கின் உள்ளேயும் வெளியேயும் மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டார். சுத்தமாகத் துடைத்தார். பிறகு சாக்பீஸைப் பொடித்து விரலால் எல்லா இடமும் தடவினார். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாகத் தெரியும். எண்ணைக் காட்டுகிற அதே சாக்பீஸ் இப்போது தவ்வாபின் பிழைப்பு என்ன ஆகும் என்று காட்டப்போகிறது. நபவிய்யா உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது.

கோடு வரவில்லை. பிளாக் மாவு பூசிய முகம்போல வெள்ளையாகவே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று ஃபர்கலி கையைத் துடைத்துக்கொண்டார். வண்டியில் மாட்டியிருந்த இஞ்சினிலிருந்து குழாய்கள், பிஸ்டன்கள், அலுமினியத் தலை எல்லாவற்றையும் எடுத்து இந்தப் பிளாக்கில் புது வளையங்களோடு இறக்கச் சொன்னார். காகிதம் இல்லாத பிளாக் கோழிக்குப் போகட்டும். குழாய்கள் பிளாக்குக்கு மேலே ஒரு மயிரிழை தூக்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் தலை சரியாக அழுத்தாது. அதை மட்டும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள் என்றார். பட்டறையில் வேலை நடந்த ஐந்து நாளும் சாயங்காலம் அவரே அங்கே வந்து நின்றார். விரல் இல்லாத கையால் குழாயின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

உரிமம் முடிவதற்குள், எட்டாம் நாள் பெஜோ வாகை மரத்தடிக்கு வந்தது. ஃபர்கலி எண்ணைத் துடைத்து அச்சு எடுத்தார். ஆனால் தாளைத் தவ்வாபிடம் தராமல் தானே உள்ளே போய் எஞ்சினீயரைக் கையோடு கூட்டிவந்தார். வேறு இஞ்சின் மாட்டிய கதை டீக்கடை வரைக்கும் போயிருந்தது. "இன்னைக்கு நீங்களே குனிஞ்சு பார்த்திடுங்க, பாஷா" என்று மரியாதையோடு சொன்னார். எஞ்சினீயர் கழுத்துப்பட்டையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். வெள்ளை எழுத்துக்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நிமிர்ந்து, சட்டையில் ஒட்டிய கரியைப் பார்த்து ஃபர்கலியைச் செல்லமாகத் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த இஞ்சின் ஃபயூம் சாலையில் ஓடியது. ஃபர்கலியின் கண்தான் முதலில் தளர்ந்தது. மூன்றையும் எட்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்று அவரே எஞ்சினீயரிடம் போய்ச் சொன்னார். தப்பாக ஒரு தாள்கூடப் போகவில்லை. அதற்குள் பெட்டியை மூடிவிட்டார். சூயெஸில் விதவைத் தங்கை இருந்தாள். அங்கே போய்விடுவதென்று முடிவானது. பஸ்ஸில் போகிறேன் என்றவரை தவ்வாப் விடவில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டியில் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு பாலைவனச் சாலையில் போனார். வழியெல்லாம் ஃபர்கலி கண்ணை மூடி இஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தார்.

தங்கை வீட்டு வாசலில் மூட்டையை இறக்கினார்கள். தவ்வாப் அவர் தோளில் முத்தமிட்டு விடை கேட்டார். ஃபர்கலி வீட்டுக்குள் போகவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். தடவித் தடவி பம்பைக் கண்டுபிடித்தார். பழைய துணி இன்னும் அங்கே இருந்தது. குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

"இது காத்துல பறந்து வரல, உஸ்தா. என் தலைப்பாகையில கிழிச்சது" என்றார். "திரும்பிப் போறப்ப தொழுகைக்கு எங்கயாவது நிறுத்துவ இல்ல? நீ கைகால் கழுவறதுக்கு முன்னாடி இதை நனைச்சிடு."